அஞ்சே நிமிஷத்துல மெட்ரோ

காட்டுப்பாக்கத்துல ஃப்ளாட் வாங்கப் போறியாமே தம்பி? அட்வான்சும் குடுத்தாச்சா? நல்லது. விளம்பரத்துல மெட்ரோ தூணு படம் பெருசா இருக்கு, வூட்டு படம் ஓரத்துல சின்னதா இருக்குன்னு சொன்னாங்க. நீ வாங்குறது எதைன்னு பத்திரத்துல ஒரு தடவை பாத்துக்கோ.

நான் பூந்தமல்லிக்காரன். எங்க ஊருக்கு ரயிலடி கெடையாது. ரயிலு ஏறணும்னா ஆவடி பக்கம் போவணும். மத்தபடி 54-ஆம் நம்பர் பஸ்ஸுதான் எல்லாம். குமணன்சாவடில ஏறுனவன் போரூரைத் தாண்டி கிண்டி போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர் சம்பந்தி ஆயிடுவாரு. அந்த ஊருக்கு ரயிலு வருதுன்னா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? தாராளமா வரட்டும். வாங்குறவன் கணக்கு தெரிஞ்சு வாங்கணும், அவ்ளோதான்.

இது சென்னை மெட்ரோவோட நாலாவது வழித்தடம். கலங்கரை விளக்கத்துலேர்ந்து எங்க ஊரு பைபாஸ் வரைக்கும் 26 கிலோமீட்டர். கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் வரைக்கும் மண்ணுக்கு அடில வந்துட்டு, அப்புறம் மேல ஏறிக்கும். ஏன்னா தோண்டுறதுக்குச் செலவு மடங்கு மடங்கா ஆவும். அதனால வேலை முடிஞ்சப்புறம் மயிலாப்பூர்க்காரரு ஜன்னலைத் தொறந்தா மரம் தெரியும், வளசரவாக்கத்துக்காரரு தொறந்தா கர்டர் தெரியும். ஆழ்வார்திருநகர்லேர்ந்து ஆலப்பாக்கம் வரைக்கும், ஆற்காடு ரோட்டு மேல, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டருக்கு ரெண்டு அடுக்கு. நாலாவது தடமும், மாதவரத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் போற அஞ்சாவது தடமும் ஒரே தூணுல, ஒண்ணு மேல ஒண்ணு. "மூணாவது மாடி சார், நல்லா காத்து வரும்"னு அங்க எவனாவது சொன்னா, எந்த ரயிலோட காத்துன்னு கேட்டுக்கோ.

இந்தத் தடமெல்லாம் சேர்ந்த மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்கு மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபா. அடிக்கல் நாட்டுனது 2020 நவம்பர்ல. மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது 2024 அக்டோபர்ல. கெழவன் தேதியை மாத்திச் சொல்றான்னு நெனைக்காத, நடந்ததே அந்த வரிசைதான். நடுவுல மாநிலப் பணம், ஜப்பான்காரன் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்னு வண்டி ஓடுச்சு. ஒப்புதல் வர்றதுக்குள்ள எங்க பக்கம் தூணே நின்னாச்சு. நீ பேங்க் லோனுக்கு மூணு மாசம் அலைஞ்சேன்னு அலுத்துக்குறியே.

ஆனா இவங்களுக்கெல்லாம் முந்துனவன் ஒருத்தன் இருக்கான். மனை விக்கிறவன். பந்தக்கால் நட்ட அன்னைக்கே பந்திக்கு எலை போட்டுக் காசு வாங்கிட்டான். பைல் போடுற மிஷின் ரோட்டுக்கு வந்துச்சு, சதுர அடிக்கு வெலை ஏறுச்சு. தூணு எழுந்துச்சு, திரும்ப ஏறுச்சு. 2025 மார்ச்சுல பூந்தமல்லிலேர்ந்து முல்லைத்தோட்டம் வரைக்கும் சோதனை ஓட்டம் விட்டாங்க. அதுல ஒரு பயணி கூட ஏறல, வெலை மட்டும் ஏறிக்கிச்சு. இப்போ அவன் பரந்தூர் ஏர்போர்ட்டு வரைக்கும் தடம் நீளப் போவுதுன்னு சொல்லிக்கினு சுங்குவார்சத்திரத்துல கொடி நட்டுனு இருக்கான். ரயிலுக்கு முன்னாடி ஓடுறதுல அவனை அடிச்சிக்க ஆளில்ல.

மெட்ரோ வேலை நடக்குற ரோட்டோரத்துல மளிகை வெச்சிருக்குறவங்களைப் பாரு. கடை முன்னாடி தகரம் அடிச்சா வாடிக்கை வராது, மாச வாடகை மட்டும் தவறாம வரும். ரயிலு வந்தா வியாபாரம் கொட்டும்னு அவங்களுக்கு எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. அதுவரைக்கும் கடையைத் தாக்குப் புடிக்கிறது எப்படின்னு யாரும் சொல்லல.

ஒண்ணுல மட்டும் கிண்டல் வேணாம். 2025 ஜூன் 12-ஆம் தேதி ராத்திரி, ராமாபுரம் பக்கம் மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டுல, தூக்கி வெச்ச கர்டர் சரிஞ்சு வுழுந்து பைக்குல போன ஒருத்தர் செத்துப்போனாரு. வேலை நடக்குற எடத்துக்குக் கீழ வண்டியை நிறுத்தி போன் பேசாத. அதுக்கு மேல சொல்றதுக்கில்ல.

இப்போ உன் 'அஞ்சு நிமிஷம்' எந்த அஞ்சு நிமிஷம்னு பாப்போம். விளம்பரக்காரன் காக்கா பறக்குற வழில அளந்திருப்பான். நீ அளக்குறதா இருந்தா ஐப்பசி மழைல, சாயங்காலம் ஆறரை மணிக்கு, கொழந்தையைத் தூக்கினு வூட்டுக்காரம்மாவோட நடந்து அளந்து பாரு. மேல பெய்யுற தண்ணியும் தூணோரக் குழா வழியா கீழதான் வந்து சேரும். ரயிலு டிரைவர் இல்லாத ரயிலு, மூணு பெட்டி, ஏசி, எல்லாம் சரி. ஆனா உன் தெருமுனைலேர்ந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் நடக்க வழி இருக்கா? சாக்கடை மூடி பாதி தொறந்து கெடக்கும், மீதி எடத்துல பைக் நிக்கும், அதுக்கும் மீதி எடத்துல டிரான்ஸ்ஃபார்மர். சென்னை மெட்ரோ டிக்கெட்டு 10 ரூபாலேர்ந்து 50 ரூபா. முக்குலேர்ந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோக்காரரு 80 கேட்டா, நீ ரயிலுக்கா காசு குடுக்குற, ஆட்டோவுக்கா?

இதைச் சரி பண்றது யாருன்னு கேட்டா அங்கதான் வேடிக்கை. போரூர் மாநகராட்சி, அய்யப்பன்தாங்கல் ஊராட்சி, எங்க ஊரு நகராட்சி, பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை, மேல ஓடுறது மெட்ரோ. அவங்கவங்க எல்லை முடியற எடத்துல நடைபாதையும் முடிஞ்சிடும். கோடி கோடியா கொட்டி வானத்துல பாலம் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு, கீழ ஆறடி அகலத்துக்கு சிமென்ட் கல்லு பதிக்கத் தெரியாதா? தெரியும். கேக்குறவன் இல்ல. எல்லாரும் தலையைத் தூக்கி ரயிலு வருதான்னு பாத்துனு இருக்காங்க.

அதனால பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி ஒரு மனு எழுது தம்பி. தெரு பேரு, ஸ்டேஷன் பேரு, நடைபாதை எத்தனை மீட்டர் வேணும், சின்ன பஸ்ஸு எந்த நேரத்துக்கு வேணும்னு அளந்து எழுது. மெட்ரோ ஆபீசுக்கு ஒண்ணு, ஊராட்சிக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு. தனியாப் போவாத. உன் கட்டடத்துல அட்வான்ஸ் குடுத்தவங்க எத்தனை பேரோ, அத்தனை பேரு கையெழுத்தையும் வாங்கினு போ.