கைது செய்ய முடியாத கருவி

நஞ்சைக் கண்டுபிடிக்கும் ஒளிர் நானோ துகள்களுக்கு ஆய்வகங்களில் இப்போது ராஜமரியாதை. பாராகுவாட் களைக்கொல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் நீலமாய் மின்னும் கார்பன் புள்ளிக் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் போதும், பாராகுவாட் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், ஒளி மங்கும். எவ்வளவு மங்கியதோ அவ்வளவு நஞ்சு. பேஷ்!

பேராக் தோட்டங்களில் நஞ்சைக் காட்டும் கருவி முன்பே இருந்தது. முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்த நம் பெண்கள்தான் அது. நகம் வெளுத்துக் கழன்று விழும், மூக்கில் இரத்தம் ஒழுகும். விளக்கு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நாட்கூலி கொடுத்தால் போதும். என்ன பிரயோசனம்? நகம் காட்டியதைக் கணக்கில் எழுத எந்தத் தோட்டக் கிராணிக்கும் உத்தரவில்லை. கையுறை போடாதது உன் தப்பு என்று கதை முடிந்தது.

சுவிட்சர்லாந்து 1989-லேயே தன் மண்ணில் தடுத்த சரக்கு இது. இங்கே மலேசியாவில் 2002-இல் தடை அறிவித்தார்கள். 2006-இல் அந்தத் தடையைத் 'தற்காலிகமாக' விலக்கினார்கள். அந்தத் தற்காலிகம் பதின்மூன்று வருஷம் ஓடியது. 2020 ஜனவரி 1-இல்தான் முழுத்தடை வந்தது. புல் கருக ஒரு நாள், கோப்பு நகரப் பதினேழு வருஷத்துக்கு மேல்.

ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் இன்னொரு கூத்து. இன்றைய ஒளிர் கருவிகள் பலவற்றில் மின்னுபவை யூரோப்பியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள். அந்த அருமண் வகையறாவைத்தான் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982 முதல் பிரித்தெடுத்தது. மினுக்கு வெளியூருக்கு, தோரியக் கழிவு ஊராருக்கு. ஆபத்து என்று ஊர் கத்தியது, வழக்குப் போட்டது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டை வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களில் ஊராரின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் ஒருவர். ஆலைக்கு விலங்கு பூட்ட அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை போலும்! 2012-இல் நீக்கப்படும்வரை அச்சட்டத்தின் நிரந்தர விலாசமாக இருந்தது நம் கமுந்திங் முகாம். 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவருக்கும் அங்கேதான் இடம் ஒதுக்கினார்கள். அவர்களும் ஒருவகைக் கருவிகளே. அபாயத்தைச் சொன்னார்கள், அடைபட்டார்கள்.

1992 ஜூலையில் புக்கிட் மேரா ஆலையை மூடச் சொன்னது ஈப்போ உயர்நீதிமன்றம். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 1994-இல் ஆலை தானாகவே கடையைக் கட்டியது.

இப்போது நானோ கருவி வாங்கப் போகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள், ஐயா. அது 'நஞ்சு' என்று காட்டும் நாளில் யாரைப் பிடிப்பீர்கள் என்பதை மட்டும் முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.