மூழ்கினாலும் உறுப்பினர்தான்

அமேசானின் ‘ஷீல்டு அட்வான்ஸ்டு’ சேவையில், இணையத் தாக்குதலிலிருந்து காக்கவேண்டிய மேகக்கணினி வளங்களைக் குழுவாகச் சேர்க்கலாம். ஜாவா நிரலில் என்றால் அதற்கொரு விண்ணப்பம் கட்ட வேண்டும்: குழுவுக்குப் பெயர், இணையப் போக்குவரத்தைக் கூட்டுவதா, சராசரி பார்ப்பதா, உச்சத்தை எடுப்பதா என்ற தேர்வு, பிறகு உறுப்பினர் வகை. ‘எல்லாம்’ என்று குறித்தால் உறுப்பினர் பட்டியலைத் தரவே கூடாது. நம்மூர் அலுவலகமாக இருந்தால் ‘எல்லாம்’ என்று எழுதிய பிறகும் மூன்று நகல் கேட்டிருப்பார்கள்.

குழுவாகச் சேர்த்துக் காக்கும் இந்தக் கலை ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. மண்டபம் குழுவில் 7 தீவு, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. ஆக 21. காகிதத்தில் கணக்கு கச்சிதம்.

கடலில்தான் உதைக்கிறது. கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவின் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கென்று பவளப்பாறையை வெட்டி அள்ளினால் அலையை யார் தடுப்பது? ஆனாலும் எண்ணிக்கை 21-தான்; சராசரி பார்த்தால் மூழ்கிய தீவும் தேறிவிடும்.

பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பிடித்தது 2001-இல். பூங்கா அறிவித்துப் பதினைந்து ஆண்டு கழித்து.