ரோலில் மீந்தது

இப்போதெல்லாம் பிலிம் கேமரா பிடிக்கிற பிள்ளைகள் முதலில் 'விஷன்' வாங்கிவிடுகிறார்கள், ரோல் பிறகுதான். என் பழைய பென்டாக்ஸ் கே1000-ஐத் தூக்கிக்கொண்டு போக வந்த அக்கா மகன், ஷட்டர் ஓடுகிறதா, பேட்டரி எது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா, அந்தக் காலத்துல உங்க விஷன் என்னவா இருந்துச்சு?" என்றான்.

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு ஸ்டுடியோவில் நான் கையாள். அங்கே பார்வை என்பது முதலாளிக்கு மட்டும் உண்டு, அதுவும் கல்லாப் பக்கம். கோபுரம் வந்தால் கலசத்தோடு வர வேண்டும். பெண் மாப்பிள்ளை கால் வெட்டுப்படக் கூடாது. முகத்தில் நிழல் விழுந்தால் அந்தப் படத்துக்குக் காசு பெயராது. புள்ளி புள்ளியாக கிரெயின் தெரிந்தால், "என்னங்க, பொண்ணுக்கு அம்மை போட்டாப்புல இருக்கு" என்று சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே நெகட்டிவில் பென்சிலும் பிரிண்டில் பிரஷ்ஷும் வைத்து மணிக்கணக்கில் டச்சிங் செய்வோம். அக்கா மகனின் போனில் கிரெயினைக் கூட்டுவதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. வெளிச்சம் ஒழுகி ஓரம் சிவந்துபோன ரோலுக்காக நான் திட்டு வாங்கினேன், அவன் அந்த ஒழுகலைக் காசு கட்டி இறக்கிக்கொள்கிறான்.

கலர் ரோல்கள் சென்னை லேபுக்குப் போகும். கறுப்பு வெள்ளை எங்கள் கையில். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் தயாரான 'இந்து' ரோல், அது இல்லாத வாரத்தில் ஓர்வோ. டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி என்று தாளில் போட்டிருக்கும். 20 டிகிரியை எங்கள் ஊர் மார்கழி விடியலில்தான் கண்டிருக்கிறது. சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பிலிம் மளமளவென்று கறுக்கும், மேல்பூச்சு இளகி நகம் பட்டாலே உரியும். பக்கத்து சர்பத் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி டெவலப்பருக்குள் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பையில் ஓட்டை இருந்தால் டெவலப்பர் சர்பத்தாகிவிடும். பிறகு கும்மிருட்டில் பிலிமை ரீலில் சுற்ற வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, விரல்தான் எல்லாம். ஒரு சுற்று பிசகி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மருந்து ஏறாது. தாலி கட்டுகிற பிரேம் அதுவாக இருந்தால் முகூர்த்தத்தைத் திரும்பவும் வைக்கவா முடியும்?

1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் என்று எங்கோ படித்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன். உலகம் கொண்டாடுகிற கலைஞர், நம் ஊர்த் தெருவில் லைகாவோடு நடந்திருக்கிறார்!

"டெவலப் யாரு பண்ணாங்க?"

"அவருக்கு டார்க் ரூம் பிடிக்காதாம்ணே. லேப்ல குடுத்துடுவாராம்."

"அப்போ பாதி வேலைதான் தெரியும்."

"எடுத்த படத்தை ஓரம் வெட்டவும் விட மாட்டாராம்."

"கல்யாண வீட்டுல சொல்லச் சொல்லு பாக்கலாம். அவரையே வெட்டிடுவாங்க."

இப்படிப்பட்டவரிடம் இருந்துகொண்டு கலைஞனாவதற்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் வாய்த்தன. கிரிவலப் பாதையில், எதிர்வெயிலில், பீடிப் புகை சூழ ஒரு சாமியார். 12-க்கு 15 அங்குலத்தில் பெரிதாக்கி, 'தவம்' என்று தலைப்புக் கொடுத்து சலோன் போட்டிகளுக்கு அனுப்பினேன். பாராட்டுக் கடிதமும் வந்தது. அதே சாமியார் அதே புகையோடு இன்னும் பல பேருடைய 'தவ'த்திலும் 'தனிமை'யிலும் இருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. கேமராவைக் கண்டதும் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து உட்காரப் பழகியிருந்தார் மனிதர். அந்தப் படங்களில் யாருக்காவது பார்வை இருந்தது என்றால் அது அவருக்குத்தான்.

போன மாதம் அக்கா மகன் என் நெகட்டிவ் பெட்டியை லைட் பாக்ஸில் பரப்பி ஸ்கேன் செய்தான். 'தவ'த்தை விரல் நகத்தால் ஓரம் தள்ளினான். கல்யாண ரோல்களின் வால் பக்கம் போய் நின்றான்.

வால் என்றால், முகூர்த்தம், பந்தி எல்லாம் முடிந்தும் ரோலில் இரண்டு மூன்று பிரேம் மீந்திருக்கும். வீட்டுக்காரர் உடனே படம் கேட்பார். "எதையாவது தட்டி ரோலை முடிச்சுக் கழட்டுடா" என்பார் முதலாளி. எதையாவது தட்டியிருக்கிறேன். தவலையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சமையல்காரர், குழாயடியில் கை கழுவக் குனிந்த ஏழெட்டுப் பேர், கட்டிய வாழையை அவிழ்க்கும் ஒருவர். எல்லாமே முதுகு.

"முகத்தையே மறுத்திருக்கீங்க மாமா. செம ஸ்டேட்மென்ட்!"

மறுப்பாவது. முன்னால் போய் நின்றால் கல்யாண வீட்டில் எவரும் சட்டென்று தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டு விறைத்து நிற்பார். பிறகு அது 'அவருடைய போட்டோ'. பிரிண்ட் எப்போது வரும் என்று ஸ்டுடியோ வாசலுக்கே வந்துவிடுவார். முதுகுக்கு யாரும் பிரிண்ட் கேட்பதில்லை. பேட்டரி மிச்சம் பிடிக்க பிளாஷையும் கழற்றியிருப்பேன். அதனால்தான் அந்த ஜன்னல் வெளிச்சம்.

இவ்வளவுதான் காரணம் என்று நிறுத்திவிடவும் மனம் வரவில்லை. ஏனென்றால் முதலாளி தட்டி முடித்த ரோல்களும் அதே பெட்டியில் இருந்தன. அதே மண்டபம், அதே கேமரா, அதே இரண்டு மூன்று பிரேம். அவர் ஒரு முதுகைக்கூட எடுக்கவில்லை. எல்லாவற்றிலும் அவருடைய பஜாஜ் ஸ்கூட்டர். மண்டப வாசலில், வேப்பமரத்தடியில், மழையில், சீரியல் பல்பு வெளிச்சத்தில், வருஷக்கணக்கில் ஸ்கூட்டர். ஸ்டுடியோவில் அவர் ஒருநாள்கூட அவற்றைப் பிரிண்ட் போட்டுப் பார்த்ததில்லை.

அக்கா மகன் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "மாமா, தப்பா நினைக்காதீங்க. இதுதான் விஷன்" என்றான்.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கோடக் கோல்டு ரோல் வாங்கியிருக்கிறான். நேற்று டெவலப் ஆகி வந்தது. 36-லும் அவனுடைய புல்லட்.