ஆள் காணும், அம்மா போங்க

மட்டக்களப்பில் ஒருவரை நிறுத்தி எந்தக் குடி என்று கேட்டால், தாயின் குடியைத்தான் சொல்வார். குடி தாய்வழி. வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். வைகாசி பிறந்தால் ஊரையே ஆட்டிவைப்பவள் கண்ணகி அம்மன். இவ்வளவையும் பெண் கையில் கொடுத்துவிட்டு, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார் என்று பார்த்தால், மீசைக்காரர் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நிற்பார். அந்தப் பதவிக்கு அவருக்கு உரித்து வந்ததே தாயின் குடியால்தான். உரித்து பெண் வழி, நாற்காலி ஆண் வழி.

ஆகவே கிரான் சந்தியில் தேத்தண்ணியும் கையுமாக நாலு பேர், பெண்கள் போதகராகலாமா என்று வாய்த்தர்க்கம் பிடித்தால், ஏதோ வெள்ளைக்காரன் புதிதாக இறக்கிவிட்ட வில்லங்கம் என்று எண்ண வேண்டாம். நமக்குப் பழகிய வில்லங்கம்தான். அவன் அதற்கு ஒரு அங்கி மாட்டிவிட்டான், அவ்வளவே.

ஞாயிறு காலையில் கிரான், சந்திவெளிப் பக்கம் தகரக் கூரைச் சபை ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். விடியமுன் எழும்பிக் கூட்டுவது பெண். பாய் விரிப்பது பெண். பாட்டைப் பிடித்துக்கொடுப்பது பெண். வருத்தக்காரர் வீடு தேடிப் போய் முழங்கால் தேய ஜெபிப்பது பெண். காணிக்கைப் பையில் சுருட்டிய நோட்டை வைப்பதும் அவள்தான். பிந்தி வந்து, மோட்டார் சைக்கிளை மரத்தடியில் சாய்த்துவிட்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பவர் மட்டும் ஆண்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். இயேசு உயிர்த்தெழுந்த சங்கதி முதலில் தெரிந்தது கல்லறைக்குப் போன பெண்களுக்கு. ஓடோடி வந்து சீஷர்களிடம் சொன்னார்கள். சீஷர்களோ, "பொம்புளைகள்ற அலட்டல்" என்று தள்ளிவிட்டார்கள். லூக்கா இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார், நல்ல மனுசன். கிறிஸ்தவத்தின் முதல் பிரசங்கத்தைச் செய்தது பெண்கள். அதற்கு முதல் விமர்சனம் எழுதியது ஆண்கள். பேதுரு மட்டும், எதற்கும் ஒருக்கா பார்ப்போமே என்று கல்லறைக்கு ஓடினார்.

அடுத்து வருகிறார் பவுல். தேத்தண்ணிக் கடைத் தர்க்கத்தில் மேசையில் குத்திப் பேசப்படுபவர் அவர்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 14ஆம் அதிகாரத்தில், சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்கிறார். சரி. அதே கடிதத்தில் 3 அதிகாரம் முன்னுக்குப் புரட்டினால், ஜெபிக்கிற பெண்ணும் தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று உடுப்புச் சட்டம் போடுகிறார். பேசவே கூடாத ஆளுக்கு, பேசும்போது முக்காடு எதற்கு? வேத பண்டிதர்கள் இதற்கு வண்டி வண்டியாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பவுல் ரோமாபுரிக்கு எழுதிய பெரிய நிருபத்தை யார் கையில் கொடுத்தனுப்பினார் என்று பார்த்தால், கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்கிறார்கள். தபாலும் அவள், பொறுப்பும் அவள். போதகர் பட்டியலில் மட்டும் அவள் இல்லை.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த சபை ஒரு கட்டில் சண்டையில் பிறந்தது.

எப்வர்த் என்ற ஊரில் சாமுவேல் வெஸ்லி என்றொரு குருவானவர். மனைவி சுசன்னா. 19 பிள்ளை பெற்றவர், பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். ஒருநாள் குடும்ப ஜெபத்தில் சாமுவேல் மூன்றாம் வில்லியம் ராஜாவுக்காக வேண்டினார். சுசன்னா ஆமென் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கணக்கில் வில்லியம் ராஜாவே அல்ல, இருந்த ராஜாவைத் துரத்திவிட்டுக் கதிரையில் ஏறியவர். சாமுவேலுக்கு ஏறிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு ராஜா என்றால் இரண்டு கட்டில்தான் என்று அறிவித்துவிட்டு வெளிக்கிட்டுப் போய்விட்டார். 1702இல் ராஜா மண்டையைப் போட்டார், வீட்டிலும் நெருப்புப் பிடித்தது, ஒருவழியாக ஐயா திரும்பி வந்தார். சமாதானத்தின் பலனாக 1703இல் ஒரு ஆண்பிள்ளை. பெயர் ஜோன் வெஸ்லி. மெதடிஸ்த இயக்கத்தின் தகப்பன். சொல்லாமல் விட்ட ஒரு ஆமெனுக்கு இவ்வளவு விளைச்சல்.

1711 முடிந்து 1712 பிறக்கிற குளிர்காலம். சாமுவேல் குருமார் மாநாட்டுக்கு லண்டன் போனார். பிரசங்க வேலை இன்மன் என்ற உதவிக் குருவிடம். இன்மன் எந்த வசனத்தை எடுத்தாலும் "கடனைக் கட்டுங்கள்" என்பதில் கொண்டுபோய் முடிப்பார் என்று சொல்வார்கள். தலைமைக் குரு சாமுவேலே சில வருடம் முன் கடனுக்காக மறியலில் இருந்து வந்தவர் என்பதால், ஊர்ச்சனம் அந்தப் பிரசங்கத்தை எப்படி ரசித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுசன்னா பார்த்தார். ஞாயிறு பின்னேரம் தன் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் குசினியில் இருத்தி, புருஷனின் புத்தகத் தட்டில் இருந்து நல்ல பிரசங்கமாக ஒன்றை எடுத்து வாசித்தார். வேலைக்காரப் பெடியன் வீட்டில் போய்ச் சொல்ல, அவன் தாய் தகப்பன் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கம். பிறகு ஊர். கடைசியில் 200க்கு மேல் ஆட்கள். இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் வேறு. கோயிலில் இன்மனுக்கு முன்னால் வெறும் வாங்கு.

இன்மன் லண்டனுக்குக் கோள் எழுதினார். சாமுவேல் மனைவிக்குக் கடிதம் போட்டார்: இது பார்வைக்கு நன்றாயில்லை, வேறு யாரும் ஆண் வாசிக்கட்டுமே. சுசன்னாவின் பதிலில் இருந்த சாரம் இது: வருகிற ஆண்களில் எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசித்து முடிக்க ஒருவரும் இல்லை. நிறுத்த வேண்டும் என்றால் "விரும்புகிறேன்" என்று எழுத வேண்டாம், கட்டளையாக எழுதுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்டால் உங்களைக் கைகாட்ட வசதி. ஐயா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் குசினி மூலையில் எட்டு வயதுப் பொடியன் ஜோன் இருந்தான்.

அப்படிப்பட்ட தாயின் மகன் வளர்ந்து, பெண்களுக்குக் கதவை விரியத் திறந்தாரா? பாதி திறந்து, நடுவில் காலை வைத்துக்கொண்டார். 1761இல் டார்பியில் சாரா குரொஸ்பி என்ற பெண் சிறு கூட்டமொன்று நடத்தப் போக, 30 பேர் வரவேண்டிய இடத்தில் 200 பேர். சாரா எழுந்து பேசிவிட்டு, செய்தது பிழையோ என்று வெஸ்லிக்கு எழுதினார். வெஸ்லியின் புத்தி: "மெதடிஸ்தரிடம் பெண் பிரசங்கிகள் கிடையாது" என்று முதலில் சனத்துக்குச் சொல்லிவிடு, பிறகு மனதில் இருப்பதை எல்லாம் பேசு. பேசலாம், பிரசங்கம் என்று மட்டும் சொல்லக் கூடாது. நம்மூர்க் கச்சேரி முதலியார்கூட இப்படி ஒரு நெளிவு கண்டுபிடித்திருக்க மாட்டார்.

கிட்டத்தட்ட அதே காலம், கடலுக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா. தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை. உடன்கட்டை நெருப்பிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் கதை. அவரோடு கூடி வாழ்ந்தபடியே ஞானஸ்நானம் கேட்டார். மிஷனறி சுவார்ட்ஸ் ஐயர், தாலி எங்கே என்று மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. சனத்தைச் சேர்த்தார், போதித்தார், கல்லும் சுண்ணாம்புமாகக் கோயில் கட்டினார். 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். 1780இன் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள், முதல் பெயர் கிளாரிந்தா. ஆனால் பிரதிஷ்டைக்கு ஒரு ஐயர், உபதேசத்துக்கு ஒரு சத்தியநாதன்; 1790இல் குருப்பட்டமும் சத்தியநாதனுக்கே. ஊர்ச்சனம் மட்டும் அந்தக் கட்டடத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொன்னது. சனத்துக்குக் கணக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் வெஸ்லி 1791இல் கண்ணை மூடினார். 1803இல் மான்செஸ்டரில் மெதடிஸ்த மாநாடு கூடி, பாதி திறந்த கதவையும் சாத்தியது. பெண்கள் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. உள்ளுக்குள் உந்துதல் தாங்காவிட்டால் அனுமதி வாங்கிக்கொண்டு பெண்களுக்கு மட்டும் பேசலாம். சொன்ன காரணங்களில் ஒன்று: போதுமான அளவு பிரசங்கிகள் இருக்கிறார்கள். மட்டக்களப்புத் தமிழில் சொன்னால், ஆள் காணும், அம்மா போங்க.

ஆள் எவ்வளவு கண்டது என்பதை 11 வருடம் கழித்து நாம் கண்டோம். தோமஸ் கோக் தலைமையில் கீழைத்தேசத்துக்குக் கப்பலேறிய மிஷனறிமார் கூட்டத்தில் கோக் 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலிலேயே இறந்தார். வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் வழியில் இறந்தார். மிச்சப் பேர் ஜூன் கடைசியில் காலியில் கரையேறி, இருந்த நாலைந்து ஆளை வைத்துத் தீவைப் பங்குபோட்டார்கள். கிழக்குக்கு ஒரே ஒருவர்: மனைவியைக் கடலில் விட்டுவந்த ஓல்ட். புளியந்தீவில் வந்திறங்கி, தமிழ் படித்து, பள்ளிக்கூடங்கள் தொடங்கி, 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் 1814ஐத்தான் பிறந்த வருடமாகச் சொல்கிறது. அந்த இளம் ஆளை நாம் குறை சொல்வதற்கில்லை. எட்டு மாதத்தில் எட்டாள் வேலை செய்தவர். குறை, போதுமான ஆள் இருக்கிறது என்று மான்செஸ்டரில் கதிரையில் இருந்து தீர்மானம் போட்டவர்கள் மேல்தான்.

பிறகு ஆள் காணாது என்று அவர்களுக்கும் விளங்கியது. வேலி தாண்டி உள்வீட்டுப் பெண்களிடம் போக அங்கி போட்ட ஐயாவால் முடியாது. அதற்கு வேதப் பெண்கள் வேண்டியிருந்தது; தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீடு வீடாக நடந்து வாசித்தவர்கள், கற்பித்தவர்கள், ஜெபித்தவர்கள் அவர்கள். சம்பளம் சொற்பம். பிரசங்கபீடம் தூரம்.

1944இல், சுற்றிவர யப்பானியர் ஆக்கிரமிப்பு; மக்காவ் சபைக்கு நற்கருணை கொடுக்கக் குரு இல்லை. ஹொங்கொங் அங்கிலிக்கன் பேராயர் ஹோல், புளோரன்ஸ் லீ டிம் ஓய் என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். யுத்தம் முடிந்தது, பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பேராயருக்குச் சிக்கல் வரக் கூடாது என்று 1946இல் புளோரன்ஸ் அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளம் வந்தால் வள்ளம், வடிந்தால் விறகு.

பிரித்தானிய மெதடிஸ்தர் பெண்களுக்கு முழு அபிஷேகம் கொடுத்தது 1974இல். 1803இல் அந்தத் தீர்மானம் போட்டு 171 வருடம் கழித்து. தென்னிந்தியத் திருச்சபையில் எகோனி புஷ்ப லலிதா 2013இல் முதல் பெண் பேராயரானார். இலங்கை மெதடிஸ்த சபையிலும் பெண்கள் அபிஷேகம் பெற்றுப் போதகராக நிற்கிறார்கள். கத்தோலிக்கரோ 1994இல் பாப்பரசர் கையால் கதவுக்குப் பூட்டே போட்டுவிட்டார்கள். பெண்கள் ஏறிய சபைகளில் வானம் எங்கும் இடிந்து விழவில்லை. பாட்டு அதே சுருதியில்தான் போகிறது.

கிரான் சந்தியில் கடைசியாகக் கேட்பார்கள்: "சரி மனே, பொம்புளை போதகரா வந்தா என்ன பெரிசா மாறப் போகுது?" பெரிதாக ஒன்றும் மாறாது. பிரசங்கம் அப்போதும் நீளும். மூப்பர்மாரோடு சண்டை வரும். கட்டட நிதிக்கு இன்னொரு காணிக்கை எடுப்பார்கள். இதுவரை பிரசங்கபீடத்துக்குக் கிட்டப் போக, ஒரு பெண் சுசன்னாவாக, கிளாரிந்தாவாக இருக்க வேண்டியிருந்தது. ஆணுக்கோ இன்மனாக இருந்தாலே காணும். இன்மன் அளவுக்கு அறுவையான ஒரு பெண்ணும் அங்கே ஏறிக் கடனைக் கட்டுங்கள் என்று முக்கால் மணித்தியாலம் பேச, ஆண்கள் எல்லாரும் வாங்கில் இருந்து கொட்டாவி விட்டால், விஷயம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.