93 சதவீத அண்ணன்

ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் பஸ் நின்று போகிற எந்த ஊரிலும் ஓர் இன்டர்வியூ அண்ணன் இருப்பார். ஜெராக்ஸ் கடை மாடியில் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ போர்டு. அதன் கீழே பொடி எழுத்தில் ‘உடல்மொழிப் பயிற்சியும் உண்டு’. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டபடி. டீக்கடை பெஞ்சில்கூட முதுகு வளையாமல் உட்காருவார். எதிராளியின் கண்ணை விட்டுக் கண் எடுக்க மாட்டார். “பஜ்ஜியில ஏதும் கெடந்துச்சா தம்பி?” என்று கடைக்காரர் பதறிப்போவார்.

அண்ணனின் வேதம் ஒரே எண்தான்: 93. “நீ பேசுற வார்த்தைக்கு ஏழே சதவீதம்தாண்டா தம்பி. குரலுக்கு முப்பத்தெட்டு. உடம்புக்கு அம்பத்தஞ்சு.” கணக்கு என்னவோ நிஜம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1967-இல் செய்த சோதனைகளில் வந்தது. ‘மேபி’ போன்ற ஒற்றைச் சொல்லைப் பலவிதக் குரலில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்று பார்த்தார். அவ்வளவுதான். உணர்வைச் சொல்லும் பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று அவரே எழுதியும் வைத்தார். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. நாம் சொல்வதும் வார்த்தைதானே, ஏழு சதவீதத்துக்கு மேல் அவர் காதில் ஏறாது.

இன்டர்வியூவுக்கு உள்ளே போகுமுன் இரண்டு நிமிஷம் இடுப்பில் கைவைத்து நெஞ்சு நிமிர்த்தி நிற்கச் சொல்வார். ஏமி கட்டி என்ற அமெரிக்க உளவியலாளர், தான் கலந்துகொண்ட ஓர் ஆய்வை வைத்து 2012-இல் ஆற்றிய உரையிலிருந்து வந்த வித்தை இது. அந்த ஆய்வில் கூட இருந்த டேனா கார்னியே 2016-இல், இதில் பலன் இருப்பதாகத் தனக்கு நம்பிக்கை இல்லை என்று கையை விரித்துவிட்டார். சேதி ஜெராக்ஸ் கடை மாடிக்கு இன்னும் வரவில்லை. நம் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றால் வாய்க்கா தகராறுக்கு வந்திருப்பதாகத்தான் அர்த்தம். விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனி வராந்தாவில் அப்படி நின்ற சிஷ்யனைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டார்: “யாரப்பா தேடி வந்திருக்க? பேசித் தீத்துக்கலாம்ல?”

பெரியவர் வந்தால் எழுந்திரு, கையைக் கட்டு, முகத்துக்கு நேரே பார்க்காதே, கால்மேல் கால் போடாதே, குரலை ஏற்றாதே. அப்பத்தா, அம்மா, கணக்கு வாத்தியார் என்று மூன்று தரப்பும் இருபது வருஷம் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அண்ணன் இதை மூன்று நாளில் அழிக்கிறார். அழிப்பதோடு சரி, புதிதாக ஒன்றும் ஒட்டுவதில்லை. கட்டக்கூடாது என்று ஆனதும் கையை எங்கே வைப்பது என்று பையனுக்குத் தெரிவதில்லை. பாக்கெட்டுக்குள் போகிறது, மேஜைக்கு வருகிறது, கடைசியில் பிடரியைச் சொறிகிறது. தோப்பின் அந்தக் கோடியில் மேயும் மாட்டை அதட்டிய குரல் ஏசி அறைக்குள் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது.

கைகுலுக்கல்தான் கண்றாவி. “உறுதியாப் பிடிடா” என்பது அண்ணனின் உபதேசம். பையனோ, வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சியில் மாடு பிடித்தவன். அவனுக்குத் தெரிந்த உறுதியான பிடி ஒன்றுதான். எச்.ஆர். நீட்டிய கையைத் திமிலாக நினைத்துப் பிடித்துவிட்டான். அவர் விரலை உதறிக்கொண்டே ஒரே கேள்வி கேட்டார்: “நைட் ஷிப்ட் பாப்பியா?”

“பாப்பேன் சார்.”

வேலை கிடைத்துவிட்டது. மறுவாரம் அண்ணனின் போர்டில் அவன் போட்டோ ஏறியது.

எனக்கென்னவோ பையனைக் கையைக் கட்டியபடியே உள்ளே அனுப்பியிருக்கலாம் என்றுதான் படுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரையும் ஓர் அப்பத்தாதானே வளர்த்திருப்பார்?

இன்னொரு வேடிக்கை, அண்ணனிடம் பணம் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறார்கள். குரூப் 1-இல் நேர்முகத் தேர்வு உண்டு, 100 மதிப்பெண். குரூப் 4-க்கு எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு மட்டுமே. நேர்முகத் தேர்வே கிடையாது. வி.ஏ.ஓ. ஆகப்போகும் தம்பிகள் மாடிப்படி ஏறுவதற்குமுன் இதை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.