பட்டா உமக்கு, பாதை எமக்கு

2015 டிசம்பர் 13. துர்க்மெனிஸ்தானின் மாரி நகரில் நான்கு நாட்டுப் பெரிய தலைகள் கூடின. நம் சார்பில் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 1,800 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்துப் பஞ்சாபின் ஃபசில்காவுக்கு எரிவாயு கொண்டுவரும் ‘டாப்பி’ திட்டத்துக்குத் தொடக்க விழா. 2019 முடிவில் கேஸ் வந்துவிடும் என்றார்கள். 2019 வந்தது, போனது. ஆப்கன் பகுதிக்கு 2018இல் ஒரு விழா. அதே பகுதிக்கு 2024இல் இன்னொரு விழா. அந்தக் குழாயில் விழா மட்டும் தடையில்லாமல் சப்ளை ஆகிறது.

தாலிபானையும் பாகிஸ்தானையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள். சரி. கொச்சிக்கும் திருப்பூருக்கும் நடுவில் எந்தத் தாலிபான் நின்றான்?

கொச்சி புதுவைப்பில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கையாளும் முனையத்தை 2013இல் இயக்கத் தொடங்கினார்கள். செலவு நாலாயிரம் கோடிக்கு மேல். கேஸை வெளியே கொண்டுபோகக் குழாய்? அது அப்புறம். வாசலில் கோலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் பாதை தேடிய கதை. முனையம் வருஷக்கணக்கில் பெரும்பாலும் சும்மா கிடந்தது. மங்களூர்க் குழாயைத் திறக்கவே 2021 ஜனவரி ஆயிற்று.

இந்தப் பக்கம், கோவை, திருப்பூர் தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத் தோட்டங்களில் கொச்சி கேஸுக்காக 310 கிலோமீட்டருக்குக் குழி தோண்ட வந்தது அரசு எரிவாயு நிறுவனமான கெயில். “ரோட்டோரமாகக் கொண்டுபோங்க” என்றார் விவசாயி. 2013இல் மாநில அரசும் அதையே சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

எல்லாம் குழாய் பதிப்பதற்கான 1962ஆம் வருஷத்துச் சட்டத்தின் வேலை. நிலம் உங்களுடையதே, பட்டாவும் உங்கள் பெயரிலேயே. ஆனால் குழாய் போகும் இடத்தில் வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. இவ்வளவுக்கும் ஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம். 2014 ஜூனில் ஆந்திராவில் ‘நகரம்’ என்ற ஊரில் கெயில் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகும் பயப்படுகிறவனுக்கு ‘வளர்ச்சியின் எதிரி’ என்று பட்டம்.

யாருக்கு வளர்ச்சி? திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு வாருங்கள். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது. நியாயம்தான். ஆனால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு? லோடு லோடாக வேலிக்கருவை விறகு. தலையில் துண்டைக் கட்டிய பாய்லர்மேன் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அந்த நெருப்பில் வந்த பனியன், ஐரோப்பியக் கடையில் ‘பசுமை’ லேபிளோடு தொங்குகிறது.

‘ஒரே நாடு, ஒரே கேஸ் கிரிட்’ என்று முழங்குகிற இதே மத்திய ஆட்சிதான் 2017இல் ‘ஒரே நாடு, ஒரே வரி’ என்றும் முழங்கியது. முழங்கிவிட்டு, இயற்கை எரிவாயுவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்தியது. கேஸ் வாங்கினால் கட்டுகிற ‘வாட்’ வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. விறகுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. எதை எரிக்கச் சொல்கிறீர்கள், ஐயா?

நாட்டின் எரிசக்தியில் கேஸின் பங்கை 2030க்குள் 15 சதவீதம் ஆக்குவார்களாம். பல வருஷமாக அது 6ஐ ஒட்டியே நொண்டுகிறது. கவலை வேண்டாம். இலக்கை 2047க்குத் தள்ளிவிடலாம். மற்றதையெல்லாம் அங்கேதானே தள்ளியிருக்கிறார்கள்?