கேமராக்கார மருமகனுக்கு

வாங்க மருமகனே, வாங்க. தோள்ல என்ன, புதுக் கேமராவா? 45 மெகாபிக்சலா? பேஷ், பேஷ். அது அங்கன கிடக்கட்டும். பரண்ல இருந்து இறக்கின தகரப்பெட்டி எங்க? உன் அப்பன் கல்யாணத்து நெகட்டிவும் உன் பாட்டியோட பெரிய நெகட்டிவும் அதுக்குள்ளதான கிடக்கு. ஸ்கேன் பண்ணுத கடையில ஒண்ணுக்கு இவ்வளவுன்னு ரேட்டு சொன்னானாம், உனக்கு ரோசம் வந்துட்டுது, நானே கேமராவுல புடிச்சுக்கிடுதேன்னு கிளம்பிட்ட. தப்பில்ல. ஒரு காலத்துல டவுன் ஸ்டூடியோவுல டச்சிங் பென்சில் புடிச்ச கை இது, அந்த உரிமையில சொல்லுதேன். கேக்கதும் கேக்காததும் உன் இஷ்டம். கேக்கலைன்னா எனக்கு இன்னும் நல்லதாப் போச்சு, திண்ணையில இருந்து வேடிக்கை பாக்கலாம்.

முதல்ல அந்த மெகாபிக்சல் பெருமையக் கழத்தி ஆணியில மாட்டு. சாதா 35 எம்.எம். நெகட்டிவுல படம் 24க்கு 36 மில்லிமீட்டர், அம்புட்டுத்தான். ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் அதே அளவு. 24 மெகாபிக்சல் கேமராவே நேருக்கு நேரா புடிச்சா அங்குலத்துக்கு 4200 புள்ளி கிட்ட வந்துரும். உன் சித்தப்பன் கை நடுங்க எடுத்த படத்துல அதுக்கு மேல தோண்டுததுக்கு என்ன இருக்கு? கிரெயின்தான் பெருசாத் தெரியும். காசு மிச்சம் இருந்தா மேக்ரோ லென்ஸ்ல போடு. கேமராகூட வந்த கிட் லென்ஸ் இருக்கே, அது தூரத்து உறவுக்காரன் மாதிரி, கிட்ட வான்னா மூஞ்சியத் திருப்பிக்கிடும். மேக்ரோ வாங்க வக்கில்லைன்னா நடுவுல எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டு. ஓரம் கொஞ்சம் மங்கும். மங்கட்டுமே, ஓரத்துல நிக்கது யாரு, சம்பந்தியா?

அடுத்தது வெளிச்சம். செல்போனை வெள்ளையா எரியவிட்டு அது மேலயே நெகட்டிவை வச்சிரலாம்னு நினைக்க, தெரியும். வச்சுப் பாரு, உன் அம்மா முகத்துல போனோட புள்ளி புள்ளியா அம்மை போட்டிருக்கும். வெளிச்சத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல பால்வெள்ளை அக்ரிலிக் தகடு போட்டு, ரெண்டு மூணு விரக்கடை இடைவெளி விடு. வீட்டு பல்பு வேண்டாம், வாங்குத எல்.ஈ.டி. பேனல்ல சி.ஆர்.ஐ., அதான் நெறத்தை உள்ளபடி காட்டுத கணக்கு, 95க்கு மேல போட்டிருக்கான்னு பாரு. இல்லைன்னா கலர் நெகட்டிவுல கெதியத்துப் போவ. ஃபிலிமைச் சுத்தி வழியுத வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால மறை. ரூம் லைட்டை அணை. முக்கியமா ஃபேனை அணை. ஆட்டத்தையும் தூசியையும் ஒரே நேரத்துல குடுக்கது அதுதான். சித்திரை மாசமா? அப்போ தலையில துண்டு கட்டிக்கோ. வேர்வை நெகட்டிவுல சொட்டினா என்னைக் கேக்காத.

கேமராவைத் தலைகீழாத் தொங்கவிட்டா போதுமா, மட்டம் பாக்கணும்லா? அதுக்கு லெவல் கருவி எல்லாம் வேண்டாம். ஃபிலிம் வைக்குத இடத்துல முகம் பாக்க கண்ணாடியை வை. நீ மூஞ்சி பாத்துச் சீவுததுக்கு இல்ல, கேமரா தன் மூஞ்சியப் பாக்கதுக்கு. லென்ஸோட பிம்பம் ஃப்ரேமுக்கு நட்டநடுவுல விழுந்தா மட்டம் சரி. f/8, ஐ.எஸ்.ஓ. 100, ரா ஃபைல், ரெண்டு செகண்ட் டைமர். ஒரு ரோலுக்கு ஒரே எக்ஸ்போஷர், ஆட்டோவுல விட்டியோ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோலமா வரும்.

தூசிக்கு வா. பூன்னு ஊதாத. வெத்தலை வாயில ஊதினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? ரப்பர் பல்பு ஊதி இருக்கு, அதை அமுக்கு. வேட்டி நுனியால துடைக்கவும் கூடாது. பெரிய ஸ்கேனர்ல இன்ஃப்ராரெட்டு விட்டுத் தூசியத் தானே கண்டுபிடிக்குத வித்தை உண்டு, ஆனா கறுப்பு வெள்ளைக்கு அதுவும் உதவாது, வெள்ளிப்படலமே அந்த ஒளியை மறிச்சுரும். பெட்டியத் தொறந்ததும் வினிகர் வாசம் அடிக்குதா? அந்தச் சுருளைத் தனியாப் பிரிச்சு வை, முதல்ல அதைப் புடி. அசிடேட் ஃபிலிம் நைஞ்சுக்கிட்டு வருது, சுருங்கி வளைஞ்சுட்டா ஃபோகஸ் நிக்காது, உன் 45 மெகாபிக்சல் அழுதாலும் நிக்காது.

இனி உன் பாட்டி நெகட்டிவு. இதைக் கவனமாக் கேளு. அந்தக் காலத்துல ஸ்டூடியோவுக்கு வந்து உக்காந்தவளை அப்படியே விட்டா துட்டு குடுப்பாளா? நெகட்டிவுல சுருக்கமெல்லாம் வெளுப்பாத் தெரியும். மங்கல் பக்கத்துல, படலத்து மேல, ஊசியாச் சீவின பென்சிலால புள்ளி புள்ளியா அந்தக் கோட்டை நிரப்புவோம். பிரிண்ட் போட்டா பத்து வயசு குறைஞ்சிருப்பா. கொஞ்சம் சிவப்புக் கேட்ட வீட்டுக்கு, முகத்துல செவப்புச் சாயமும் தடவுவோம். பிரிண்ட் பேப்பருக்கு நீல வெளிச்சந்தான் கண்ணு, செவப்பு அதை மறிச்சுரும், அந்த இடம் பிரிண்டுல வெளுக்கும். உன் தாத்தன் பொண்ணு பாத்துட்டு வந்து, படத்தையும் பாத்துட்டு ஏன் குழம்பினாருன்னு இப்போ விளங்குதா?

நீ என்ன பண்ணுவ, அழுக்குன்னு நினைச்சு ஆல்கஹால் தொட்டு அந்தப் பக்கத்தைத் தேய்ப்ப. பென்சில் போகும், சாயம் போகும், பாட்டி ஒரே நொடியில மறுபடி கிழவி ஆயிருவா. அவ மேல இருந்தாலும் சும்மா விடமாட்டா. சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பாரு, பென்சில் மினுங்கும். தொடாத, வழவழப்புப் பக்கத்தை மட்டும் மெல்லச் சுத்தம் பண்ணு. கேமராவுல கலராவே புடி. அப்புறம் கம்ப்யூட்டர்ல நீலச் சேனலை மட்டும் எடுத்தா, ஸ்டூடியோக்காரன் காட்ட நினைச்ச பாட்டி வருவா. செவப்புச் சேனலை எடுத்தா சாயம் மாயமாகி அசல் நெறம் எட்டிப் பாக்கும், பென்சில் மட்டும் ரெண்டுலயும் நிக்கும். எதை ஃப்ரேம் போட்டு மாட்டணும்னு உன் அத்தைமார்கிட்ட கேட்டுட்டு மாட்டு. வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆகும், அது என் பொறுப்பில்ல.

இடம் வலம் மாறாமப் பாத்துக்கோ. வழவழப்புப் பக்கம் உன்னைப் பாத்திருந்தா ஓரத்து எழுத்து நேரா வாசிக்கலாம். மாத்திப் புடிச்சா ஒண்ணும் கெட்டுப் போகல, கம்ப்யூட்டர்ல திருப்பிக்கலாம், ஆனா திருப்பணும்னு தெரியணும்லா? பொம்பளையாள் முந்தானை வலது தோள்ல கிடந்தா திருப்பு. அந்த ஓரத்தை வெட்டிராத, நம்பரும் ஃபிலிம் பேரும் அதுலதான் இருக்கும். ஊட்டியில 1967ல இருந்து ஓடின இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியோட ‘இந்து’ ஃபிலிம் எவ்வளவு கையில ஓடியிருக்கு தெரியுமா! நம்ம மலையில செஞ்ச சரக்கு.

கலர் நெகட்டிவு ஆரஞ்சா இருக்கேன்னு துரு புடிச்சிட்டுன்னு தூக்கிப் போட்டுராத. உள்ள இருக்க சாயங்களோட கோளாறைச் சரிக்கட்ட கம்பெனிக்காரனே வேணும்னு குடுத்த நெறம் அது. படம் விழாத ஓரத்தைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் பண்ணு. வெறுமனே தலைகீழா மாத்தினா உன் அப்பன் மணமேடையில நீலகண்டனா நிப்பாரு. மூணு கலரையும் தனித்தனியாத் திருப்பணும். துட்டு செலவழிக்க மனசில்லைன்னா டார்க்டேபிள்ல நெகடாக்டர்னு ஒண்ணு இருக்கு, ஓசி. லைட்ரூமுக்கு வாடகை கட்டுத ஆளுன்னா நெகட்டிவ் லேப் ப்ரோ.

எல்லாத்தையும் புடி. ஆல்பத்துல இருக்கதுதான் நமக்கு மனப்பாடம், ஆல்பத்துக்கு வராததுதான் நெகட்டிவுல கிடக்கு. உங்க அப்பன் கல்யாணத்துல சாப்பாட்டுப் பந்தியில உன் பெரியமாமன் எலையத் தூக்கி எறிஞ்ச படம் ஒண்ணு கிடக்கணும். பிரிண்ட் போடக் கூடாதுன்னு ஸ்டூடியோவுக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க. நெகட்டிவை வெட்டச் சொல்ல மறந்துட்டாங்க. கிடைச்சதும் வாட்சப்ல குடும்பக் குரூப்புல போட்டுறாத. முதல்ல எனக்கு மட்டும் அனுப்பு, எலையில பாயசம் இருந்துதா இல்லையான்னு அன்னைக்கு இருந்தே ஒரு பந்தயம் பாக்கி நிக்குது.